தாஜ் ஓட்டலின் நிலைய வித்வான்கள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நம் கோட்டையைப் பற்றித்தான் எழுதுவேன். கல்யாண மகால், நெற்களஞ்சியம், ராஜகிரி ஏறும் பாதை என்று சென்ற இதழ்கள் போயின. இந்த முறை செஞ்சியை விட்டு வெகுதூரம் போகப் போகிறேன். அதற்குக் காரணம் நம் ஆண்டு விழாவில் நடந்த ஒரு சின்ன சம்பவம்.

விழாவுக்கு பேண்டு செட் வைத்திருந்தோம், உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து பேர். இரண்டு ட்ரம்பெட், ஒரு கிளாரினெட், ஒரு சைடு டிரம், ஒரு பெரிய டிரம். சிவப்புச் சட்டையும் தங்க நிறப் பட்டையும் போட்டு வாசலில் நின்று பழைய எம்.எஸ்.வி. பாட்டுகளாக வாசித்தார்கள். நம் மூன்றாம் மாடிப் பெண், எட்டாம் வகுப்பு படிப்பவள், ட்ரம்பெட்காரரிடம் போய், "அங்கிள், நீங்க வாசிக்கிறது ஜாஸா?" என்று கேட்டாள். அவர் வாயிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்துவிட்டு, "தெரியாது பாப்பா, எங்கப்பா சொல்லிக் குடுத்தது" என்றார்.

அன்று இரவு மொட்டை மாடியில் பந்தி. பேண்டுக்காரர்கள் ஐந்து பேருக்கும் கீழே ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. ஆனால் மறுநாள் சமையல் கணக்கைச் சரிபார்த்தபோது "விருந்தினர்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "மற்றவர் 5" என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கணக்கை எழுதியது நான்தான்.

அந்தப் பெண்ணின் கேள்வியும் என் கணக்கும் சேர்ந்து மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன. அவளுடைய கேள்விக்குப் பதில் தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜாஸ் இசை நடக்கும் ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் அந்த இடத்துக்கென்றே ஒரு வாத்தியக் குழு இருக்கும். வாரம் முழுக்க, சீசன் முழுக்க அவர்கள்தான் வாசிப்பார்கள். பெரிய நட்சத்திரம் யாராவது வந்தால் அவருக்குப் பின்னாலும் இவர்களே வாசிப்பார்கள். ஆல் இந்தியா ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "நிலைய வித்வான்" என்றால் உடனே புரிந்துவிடும். கோயிலில் கால பூஜை தவறாமல் நாதஸ்வரம் வாசிக்கும் மேளக்காரருடைய வேலையும் ஏறக்குறைய இதுதான். திருவிழாவுக்கு வெளியூர் வித்வான் வந்து பெயர் வாங்கிப் போவார். மறுநாள் விடியற்காலையில் சன்னதியில் வாசிப்பவர் உள்ளூர்க்காரர்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட ஜாஸ் நிலைய வித்வான்கள் அதிகம் பேசப்பட்ட இடம் பம்பாய் தாஜ் மகால் ஓட்டல். நம் ஊரையும் மகாராஷ்டிரத்தையும் சேர்த்துப் பேசுவது இப்போது பழகிப்போன விஷயம்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று அங்கே, ஒன்று இங்கே. அந்த உரிமையில் என்னோடு பம்பாய்க்கு வாருங்கள்.

தாஜ் ஓட்டல் திறந்தது 1903 டிசம்பரில். கடலைப் பார்த்த அந்தக் கட்டடத்தின் நடன மண்டபத்துக்கு 1935-ஆம் ஆண்டுக் கடைசியில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு வந்து இறங்கியது. தலைவர் லியோன் அப்பி, வயலின்காரர். எல்லோரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அப்பி அதற்கு முன்பே தென் அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றியவர். கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே கொண்ட ஒரு ஜாஸ் குழு பம்பாய்க்கு வந்து ஒரு சீசன் முழுக்க வாசித்தது அதுதான் முதல் தடவை. அதுவரை ஆங்கிலோ இந்தியரான கென் மேக் போன்றவர்களின் குழுக்கள் நடன இசை வாசித்துக்கொண்டிருந்தன. அப்பியின் ஆட்கள் கொண்டுவந்தது ஸ்விங் எனப்படும், காலைச் சும்மா இருக்கவிடாத தாளக்கட்டு.

அடுத்த குளிர்காலத்தில் தலைமை கிரிக்கெட் ஸ்மித்திடம் வந்தது. பெயரைப் பார்த்து விளையாட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கார்னெட் வாசிப்பவர். கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் தம்பி மாதிரி, கொஞ்சம் குட்டையாக இருக்கும். பம்பாய்க்கு வரும்போதே அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1913, 1914 ஆண்டுகளில் நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவரின் இசைக்குழு விக்டர் கம்பெனிக்காக இசைத்தட்டுப் பதிவு செய்தபோது அதில் கார்னெட் வாசித்தவர் இவர். முதல் உலகப் போர் முடிந்ததும் பாரிஸ் போய் மிட்செல்ஸ் ஜாஸ் கிங்ஸ் குழுவில் வாசித்தார். சொல்லப்போனால் ஜாஸ் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அந்த வேலையில் இருந்தவர். அவருடைய குழு 1936-இல் பம்பாயிலேயே ஓர் இசைத்தட்டு பதிவு செய்தது. பாட்டின் பெயர் "தாஜ் மகால்". இசையமைத்தவர் மேனா சைலஸ் என்ற பம்பாய் யூதர். ஒரு யூதர் எழுதிய மெட்டை, அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள், பார்சிக்காரர் கட்டிய ஓட்டலில், வெள்ளைக்காரர்களும் சமஸ்தான ராஜாக்களும் ஆடுவதற்காக வாசித்தார்கள். தாஜ் மகாலைக் கட்டிய ஷாஜகானுக்கு இதைக் கேட்டால் என்ன தோன்றியிருக்கும் என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

குழுவிலிருந்த ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரூடி ஜாக்சன், கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர். 1927-இல் நியூயார்க்கில் டியூக் எலிங்டன் குழுவில் இருந்தார். எலிங்டன் அங்கே யார் என்றால், நம் ஊரில் எம்.எஸ்.வி., இளையராஜா என்று சொல்லும் வரிசையில் வருபவர். "கிரியோல் லவ் கால்" என்ற எலிங்டனின் புகழ்பெற்ற உருப்படிக்கு மெட்டு கொடுத்தவர் ஜாக்சன். தன் சொந்தச் சரக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். பிறகு பார்த்தால் அது கிங் ஆலிவரின் "கேம்ப் மீட்டிங் புளூஸ்" என்ற பழைய பதிவிலிருந்து எடுத்தது. ஆலிவர் தகராறு செய்ய, ஜாக்சனின் வேலை போயிற்று. அந்த மனிதர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்தியாவும் இலங்கையும். இரண்டாம் உலகப் போர் முடியும் வரை இந்தப் பக்கத்திலேயே இருந்தார். கெட்ட பெயரை விட்டுத் தப்பிக்க வந்தாரா, நல்ல சம்பளத்துக்காக வந்தாரா என்பதை நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. இரண்டுமே மனிதர்கள் ஊரை விட்டுப் போவதற்குப் போதுமான காரணங்கள்தான். நம்மில் பாதிப் பேர் சொந்த ஊர் இதுவல்லவே.

இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்? அன்றைய அமெரிக்காவில் கறுப்பின இசைக்கலைஞர் பெரிய ஓட்டலில் வாசிக்கலாம், ஆனால் அதே ஓட்டலில் அறை எடுத்துத் தங்க முடியாது. சமையலறை வாசல் வழியாக உள்ளே போய், வாசித்து முடித்து அதே வாசல் வழியாக வெளியே வர வேண்டும். தென் மாநிலங்களில் இது சட்டமாகவே இருந்தது, வடக்கில் வழக்கமாக இருந்தது. பாரிஸ், ஷாங்காய், பம்பாய் போன்ற ஊர்களில் அவர்களுக்கு மரியாதையும் சம்பளமும் கூடுதல். இங்கே வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அப்படி வந்து இறங்கிய பம்பாயில் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்காத வெள்ளைக்காரர் கிளப்புகள் இருந்தன. நம் சென்னையின் மெட்ராஸ் கிளப்பிலும் சுதந்திரம் வந்த பிறகுகூட நெடுநாள் அப்படித்தான். தன் நாட்டில் முன்வாசல் இல்லாதவர் இங்கே மேடையில் நிற்கிறார், இது யாருடைய நாடோ அவர் வேறொரு கட்டடத்தின் வாசலில் நிற்கிறார்.

இனி டெடி வெதர்ஃபோர்டு. இவரைப் பற்றி மட்டும் ஒரு இதழ் முழுக்க எழுதலாம்.

வெதர்ஃபோர்டு பியானோக்காரர். 1903-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் பிறந்தவர். இருபதுகளில் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் வாசித்தார். 1926 மே மாதத்தில் அந்தக் குழு பதிவு செய்த இசைத்தட்டில் ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ வெதர்ஃபோர்டு. ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அந்தப் பதிவை இன்று யூடியூபில் கேட்கலாம். அதே ஆண்டு வெதர்ஃபோர்டு ஜாக் கார்ட்டர் என்ற டிரம்காரரின் குழுவோடு ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஆம்ஸ்ட்ராங் அங்கேயே இருந்தார், உலகப் புகழ் அடைந்தார். வெதர்ஃபோர்டு போனவர் போனவர்தான். இடையில் ஆள் சேர்க்க ஒருமுறை அமெரிக்கா போய் வந்ததைத் தவிர, மீதி வாழ்க்கையின் பெரும்பகுதி ஆசியாவிலேயே கழிந்தது.

ஷாங்காயில் பல ஆண்டுகள். 1934-இல் பக் கிளேட்டன் என்ற இளைஞரின் குழுவை அங்கே வரவழைத்தவர் இவர்தான். அந்தக் கிளேட்டன் பிற்பாடு கவுண்ட் பேசி குழுவில் பெரிய ட்ரம்பெட்காரராகப் பெயரெடுத்தார். பிறகு பம்பாய் தாஜ். 1937-இல் பாரிஸ் போய் அங்கே தனிப் பியானோ இசைத்தட்டுகள் பதிவு செய்துவிட்டு மறுபடி கீழ்த்திசைக்கே திரும்பினார். இலங்கையில் கொழும்பிலும் வாசித்தார். கடைசியாகக் கல்கத்தா, சௌரிங்கியில் இருக்கும் கிராண்ட் ஓட்டல்.

போர்க்காலக் கல்கத்தாவைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பர்மா ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. ஊர் முழுக்க ஆங்கிலேய, அமெரிக்க சிப்பாய்கள். அமெரிக்கப் படையே அன்று வெள்ளையர், கறுப்பர் என்று தனித்தனிப் பிரிவுகளாக இருந்தது. 1943-இல் வங்காளப் பஞ்சம். கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். அந்த நடைபாதைக்கு மேலேதான் கிராண்ட் ஓட்டலின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே வெதர்ஃபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். இதைப் படிக்கிற எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கோபம் பியானோக்காரர் மேல் வர முடியவில்லை. அவரும் அந்த ஊரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

அமெரிக்கர்கள் வெளியிலிருந்து வர முடியாத அந்த நாட்களில் அவர் குழுவை இங்கிருந்த ஆட்களைக் கொண்டே அமைத்தார். இந்தியர், ஆங்கிலோ இந்தியர், பர்மாக்காரர், நேபாளி என்று பல ஊர்க்காரர்கள் ஒரே மேடையில். போர்ப்படை வானொலியில் அவர்கள் வாசிப்பு ஒலித்தது. கல்கத்தாவிலேயே கொலம்பியா கம்பெனிக்கு இசைத்தட்டுகளும் பதிவு செய்தார்கள். 1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்டு காலராவில் இறந்தார். வயது நாற்பத்தொன்று. ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. காலராவைப் பற்றி நம் வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை என்பார்கள். ஷாங்காய், பாரிஸ் எல்லாம் பார்த்தவருக்கும் அதே கதிதான்.

இனி நம் ஆட்களுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே அவர்கள்தான்.

தாஜில் அமெரிக்கர்கள் வாசித்தபோது அருகில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் ஒவ்வொரு பங்குக் கோயிலோடும் ஒரு பள்ளி இருந்தது. பையன்களுக்கு எழுத்தறிவிக்கும்போதே வயலினும் மேலைநாட்டு ஸ்வரக் குறிப்பு வாசிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள், கோயில் பாட்டுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக. திருச்சபைக்காகக் கற்ற வித்தை பிற்பாடு பம்பாய், கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று எல்லா ஊர் ஓட்டல்களிலும் சோறு போட்டது. நம் பக்கத்தில் மேளக்காரர் குடும்பங்களில் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே தாளம் பழகுவதோடு இதை ஒப்பிடலாம். ஒரு வித்தியாசம், கோவாக்காரர்கள் எதையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். எழுதிய காகிதத்தைக் கொடுத்தால் முன்பின் தெரியாத பாட்டைக்கூட அப்படியே வாசிப்பார்கள். இதன் பலன் பின்னால் வரும்.

மிக்கி கொரியா கராச்சியில் வளர்ந்த கோவா சாக்ஸபோன்காரர். 1930-களின் கடைசியில் தாஜுக்கு வந்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே குழுத் தலைவராக இருந்தார். போர் வந்தது, சுதந்திரம் வந்தது, பிரிவினையில் அவர் வளர்ந்த கராச்சி வேறு நாடாகவே போய்விட்டது. ஆனாலும் அவர் மேடை ஏறுவது நிற்கவில்லை. ஒரே இடத்தில் இருபது ஆண்டு தினமும் வாசிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரே சாப்பிடுகிறவர்கள், பேசுகிறவர்கள், ஆடுகிறவர்கள் இருப்பார்கள், காது கொடுத்துக் கேட்கிறவர் அபூர்வம். ஆடுகிறவர் களைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், மேசைகள் காலியாகத் தொடங்கினால் கூட்ட வேண்டும். கச்சேரி வித்வானுக்கு இந்தக் கவலை கிடையாது.

சிக் சாக்லேட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோவாவின் அல்டோனா கிராமத்தைச் சேர்ந்த அந்தோனியோ சேவியர் வாஸ்தான் அவர். ட்ரம்பெட், குரல் இரண்டிலும் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பின்பற்றியவர். "இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்" என்றே அழைக்கப்பட்டார். அந்தக் காலத்தில் மேடைப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். ரூடி காட்டன் என்ற சாக்ஸபோன்காரரின் நிஜப் பெயர் காவஸ் கட்டாவ், பார்சிக்காரர். கல்கத்தாவில் ஜார்ஜ் பேங்க்ஸ் என்று அறியப்பட்ட ட்ரம்பெட்காரர் புஷ்கர் பகதூர் என்ற நேபாளி. அவர் ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாகத் தன் மகனுக்கு லூயிஸ் என்று பெயர் வைத்தார். அந்த மகன்தான் பியானோக்காரர் லூயிஸ் பேங்க்ஸ். ஆங்கிலப் பெயர் இருந்தால் ஓட்டல் முதலாளிக்கு விளம்பரம் போட வசதி. வித்வானுக்குச் சொந்தப் பெயர் வீட்டுக்குள் மட்டும்.

ஃபிராங்க் ஃபெர்னாண்ட் என்பவரின் கதை வேறு மாதிரி. அவரும் கோவா ட்ரம்பெட்காரர். கோடைக்காலத்தில் பம்பாய் காலியாகி, பணக்காரர்கள் மலைவாசஸ்தலங்களுக்குப் போவார்கள். வாத்தியக்காரர்களும் பின்னாலேயே போவார்கள். 1946-இல் அவர் முசூரியில் வாசித்துக்கொண்டிருந்தபோது காந்தி அங்கே வந்திருந்தார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு, நாம் ஏன் அமெரிக்கக்காரர் போலவே வாசிக்க வேண்டும், இந்திய முறையில் ஜாஸ் வாசிக்க முடியாதா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் அவர் ட்ரம்பெட்டோடு நிற்கவில்லை. "அம்சம் நசீப்" (1963), "நிர்மோன்" (1966) என்று இரண்டு கொங்கணிப் படங்களை எடுத்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஓட்டல் மேடைகள் மெல்லச் சுருங்கின. வெள்ளைக்காரர்கள் போனார்கள், ராஜாக்களின் பணம் போயிற்று, பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்கு வந்தது. மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை, அது நம் வாட்ஸ்அப் குழுவிலேயே போதுமான அளவு நடக்கிறது. ஆனால் குடிக்க வருகிறவர் குறைந்தால் வாசிக்கிறவருக்குச் சம்பளம் குறையும் என்பது கணக்கு. நம் மாகாணத்தில் ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948-க்குள் மாகாணம் முழுவதும் அமல் ஆகிவிட்டது. பம்பாய், கல்கத்தா அளவுக்குச் சென்னையில் ஜாஸ் வேர் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு காரணம், டிசம்பர் மாதம் வந்தால் சென்னைக்கு வேறு வேலை இருந்தது, சபா கச்சேரிகள்!

வேலை போன வாத்தியக்காரர்களுக்குக் கதவு திறந்தது சினிமா. இங்கேதான் தமிழ் ரசிகர்களாகிய நாம் வருகிறோம்.

சி. ராமச்சந்திரா என்ற மராட்டிய இசையமைப்பாளர் தனியாக இசையமைக்கத் தொடங்கியதே தமிழ்ப் படத்தில்தான் என்றால் நம்புவீர்களா? அந்தத் தொடக்க காலப் படங்களில் ஒன்று "வனமோகினி", 1941-இல் வந்தது. தவமணி தேவியும் எம்.கே. ராதாவும் நடித்தது. இயக்கியவர் பகவான், பின்னாளில் பகவான் தாதா என்று இந்தி ரசிகர்கள் கொண்டாடியவர். பத்து வருடம் கழித்து இதே ஜோடி "அல்பேலா" (1951) என்ற இந்திப் படத்தில் சேர்ந்தது. ராமச்சந்திராவுக்கு ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பாங்கோஸும் வேண்டியிருந்தன. அவர் கூப்பிட்டது சிக் சாக்லேட்டை. படத்தின் ஒரு நடனப் பாட்டில் சிக் சாக்லேட்டும் அவருடைய குழுவினரும் திரையிலேயே தோன்றுகிறார்கள். தாஜ் ஓட்டலுக்குள் காலெடுத்து வைக்க முடியாத கோடிப் பேர் அன்று கொட்டகையில் உட்கார்ந்து, அது ஜாஸ் என்று தெரியாமலே கேட்டுத் தலையாட்டினார்கள். ராமச்சந்திராவை நீங்கள் மறந்திருந்தால், "வஞ்சிக்கோட்டை வாலிபன்" (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இசை அவருடையது.

பம்பாய் ஸ்டூடியோக்களில் வேலை நடந்த முறையைச் சொல்கிறேன். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டுப் போட்டுப் பாடிக் காட்டுவார். அதைக் கேட்டு வயலினுக்கு ஒன்று, ட்ரம்பெட்டுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு அரேஞ்சர் என்று பெயர். பங்குப் பள்ளியில் குறிப்பு எழுதக் கற்ற கோவாக்காரர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்கள். சங்கர் ஜெய்கிஷனுக்கு செபாஸ்டியன் டிசூசா அப்படி ஒருவர். பாட்டின் நடுவில் வரும் இடையிசையில் நம்மை உருக வைப்பது பல நேரம் இவர்கள் எழுதியது. டைட்டிலில் பெயர் வந்தால் "உதவி" என்று வரும், வராமலும் போகும். இசைத்தட்டு உறையில் கிடையவே கிடையாது.

அந்தோனி கோன்சால்வஸ் என்ற வயலின் மேதை ஒருவர் இருந்தார். சினிமா வாத்தியக்காரராகவும் அரேஞ்சராகவும் இருந்தவர், இந்திய ராகங்களை மேலைநாட்டு இசைக்குழுவுக்கு எழுதிப் பார்த்தவர். அவரிடம் வயலின் கற்ற மாணவர் பியாரேலால், லட்சுமிகாந்த் பியாரேலால் இரட்டையரில் ஒருவர். 1977-இல் "அமர் அக்பர் அந்தோனி" படத்தில் அமிதாப் பச்சன் பெரிய ஈஸ்டர் முட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து தன் பெயரைச் சொல்லிப் பாடுவாரே, அந்தப் பெயர் குருவுக்கு மாணவர் செலுத்திய காணிக்கை. நாடே அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒருவர் நிஜமாக இருக்கிறார் என்று பாடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையிலும் இதே ஏற்பாடு உண்டு. ஸ்வரக் குறிப்பு எழுதவும் படிக்கவும் தெரிந்த வாத்தியக்காரர்கள் கோடம்பாக்கத்தில் இருந்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா மேலைநாட்டு இசை கற்றது தன்ராஜ் மாஸ்டரிடம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் தன் குழுவோடு இந்தியா வந்தபோது, சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். ஜாஸ்காரர்களுக்கு அன்று தாளக் கணக்கில் நல்ல பாடம் கிடைத்திருக்கும். புதுக்கோட்டை வழித் தாளம் லேசுப்பட்டதல்லவே. நான்கு நான்காக எண்ணிப் பழகியவர்களுக்கு நடுவில், ஐந்திலும் ஏழிலும் சகஜமாக நடமாடுகிறவர் உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும்!

இப்போது மூன்றாம் மாடிப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நம் பேண்டு செட் வாசித்தது ஜாஸா? இல்லை, கண்டிப்பான அர்த்தத்தில் இல்லை. ஜாஸில் எழுதிய மெட்டை விட்டு விலகி, அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசிப்பதுதான் முக்கியம். நம் கச்சேரியில் கல்பனா ஸ்வரம் போல. நம் பேண்டுக்காரர்கள் சினிமா மெட்டை மெட்டாகவே வாசித்தார்கள். ஆனால் அந்தச் சினிமாப் பாட்டுகளில் கிளப் காட்சி வந்தால் ட்ரம்பெட் அலற வேண்டும், சாக்ஸபோன் குழைய வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? தாஜிலும் கிராண்டிலும் நின்று வாசித்தவர்களிடமிருந்து சினிமாவுக்கு, சினிமாவிலிருந்து நம் கல்யாண ஊர்வலத்துக்கு. ஆக, பாப்பா, உன் கேள்வி தப்பில்லை. அந்த ட்ரம்பெட்காரரின் அப்பாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், வழியில் எங்கேயோ சிக் சாக்லேட் நிற்பார் என்று நான் நம்புகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த ட்ரம்பெட்காரரைப் போய்ப் பார்த்தேன். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஒரு வேண்டுதல் ஊர்வலத்தில் வாசிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். சிக் சாக்லேட்டின் பழைய பதிவு ஒன்றை என் போனில் போட்டுக் காட்டினேன். தெருவில் நின்றபடியே காதருகில் வைத்துக் கேட்டார். பாதியில் விரல்கள் தானாக அசைந்தன. முடிந்ததும், "சார், இவரு மூச்ச எங்க எடுக்கறாருன்னே தெரியல" என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார். பம்பைக்காரர்கள் வந்து கூப்பிட்டபோதுதான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் அவர்களையே அழைப்பதாகச் செயற்குழுவில் பேசியிருக்கிறோம். டிஜே வேண்டும் என்று இளைஞர் அணி கேட்டிருக்கிறது, அதையும் பார்ப்போம். அழைப்பிதழ் வரைவைக் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். பந்திக் கணக்கில் இப்போது ஒரே வரிதான். நிகழ்ச்சி நிரலில் "பேண்டு வாத்தியம்" என்பதற்குக் கீழே ஐந்து பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். நான்கு பெயர் எழுதியாயிற்று. பெரிய டிரம் வாசிப்பவரை எல்லோரும் "தம்பி" என்றே கூப்பிடுகிறார்கள். அவர் ஊர்வலத்திலிருந்து வந்ததும் முழுப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும்.